கேசிங் எத்தனை அடி?

எங்கள் வீட்டுப் பத்திரப் பையில், சிட்டா நகலுக்கும் சொசைட்டிக் கடன் ரசீதுகளுக்கும் நடுவே, நாலாக மடித்த ஒரு பில் இருக்கிறது. 2003 மே மாதத் தேதி. போர் 6½ இன்ச். ஓட்டிய ஆழம் 780 அடி. கேசிங் 40 அடி. அதற்குக் கீழே 0–300, 300–400, 400–500 என்று ஆறு வரிகள். வரிக்கு வரி அடி ரேட் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் ஆட்களுக்குப் பேட்டா. 'தண்ணீர்' என்று அச்சடித்த இடத்துக்கு எதிரே பேனாவால் ஒரு கோடு.

அந்தக் கோட்டுக்கு அப்பா ஆறு வருஷம் வட்டி கட்டினார்.

பில்லைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் வரி வரியாகப் படித்தது சமீபத்தில்தான். அதிலிருக்கும் ஒரு சொல்கூட எங்கள் அப்பாருக்குப் புரிந்திருக்காது. அப்பாவுக்குப் பாதி புரிந்தது. அந்தப் பாதிதான் எங்களுக்குச் செலவு வைத்தது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். இந்தியாவில் எந்த மாநிலத்தில் போர்வெல் லாரியைப் பார்த்தாலும் அதன் கதவில் திருச்செங்கோடு என்று எழுதியிருக்க நல்ல வாய்ப்புண்டு. ரிக் வண்டி வைத்திருப்பவர்கள், அதில் மேனேஜராகப் போனவர்கள், வெல்டிங் பட்டறைக்காரர்கள் என்று பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு எங்கள் அப்பா ஏமாந்தார் என்றால் நம்பக் கஷ்டம். ஆனால் யாரும் அவரை ஏமாற்றவில்லை. ஒரு சொல் குறுக்கே நின்றது, அவ்வளவுதான்.

2003க்கு முன்னால் 1998ல் முதல் போர் போட்டோம். மண்ணைக் குடைந்து சில அடி போனதுமே வண்டியை நிறுத்திவிட்டு மேனேஜர் அப்பாவிடம் வந்தார்.

"கேசிங் எத்தனை அடிங்க இறக்கறது?"

"எத்தனை அடி இறக்குனாத் தாங்குமுங்க?"

"உங்க மண்ணு, உங்களுக்குத்தானுங்களே தெரியும்."

கேசிங் பைப்புக்குத் தனிக்காசு. அப்பா மனசுக்குள் கணக்குப் போட்டு இருபதடி என்றார். 210 அடியில் தண்ணீர் வந்தது. ஊரே பார்க்க வந்தது. எட்டு மாதம் ஓடியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் ராத்திரி மோட்டார் உறுமிவிட்டு நின்றது. இருபதடிக்குக் கீழே கேசிங் இல்லாத இடத்தில் மண் சரிந்து மோட்டாரை மூடியிருந்தது. இழுத்துப் பார்த்ததில் பைப்பு அறுந்து பாதிதான் மேலே வந்தது.

கேசிங் என்பது என்ன? போர் குழியின் மேல்பகுதி மண், அதற்குக் கீழே சிதைந்து பொடிந்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. கெட்டிப் பாறை தானே நிற்கும். மேலே உள்ளவை நிற்காது. ஆகவே கெட்டிப் பாறைக்குள் ஓரிரு அடி போய் உட்காரும் அளவுக்குக் குழாய் இறக்க வேண்டும். 'கேசிங் எத்தனை அடி' என்று கேட்டால், 'உங்கள் நிலத்தில் கெட்டிப் பாறை எத்தனையாவது அடியில் ஆரம்பிக்கிறது' என்று அர்த்தம்.

இந்தக் கேள்விக்கு அப்பாவிடம் பதில் இருந்தது. போர் போட்ட இடத்திலிருந்து முப்பதடி தள்ளி எங்கள் கிணறு. அதில் இறங்கி ஏறி வளர்ந்தவர் அவர். "மேல செம்மண்ணு, அப்பறம் சுக்கான், அதுக்குக் கீழ பொரிஞ்ச ஓடக்கல்லு, முப்பத்தெட்டு அடிக்கப்பறந்தான் பாறை" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். கிணற்றுக்குக் கல்கட்டு கட்டியிருப்பதே அந்த முப்பத்தெட்டு அடிக்குத்தான். அதற்குக் கீழே கட்டாமல் பாறையே சுவராக நிற்கிறது. கல்கட்டும் கேசிங்கும் ஒரே வேலையைச் செய்பவை என்று அவருக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். சொல்ல ஆளில்லை. மேனேஜருக்குக் கல்கட்டு தெரியாது, அப்பாவுக்குக் கேசிங் தெரியாது.

அதற்கப்புறம்தான் நான் கிணற்றுச் சொற்களைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

தமிழில் கிணற்றுக்குப் பஞ்சமில்லை. கூவல், கேணி, துரவு, கிணறு. 'தோட்டம் துரவு' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தத் துரவு கிணறுதான். துணை இல்லாமல் தனியே வாழ முடியாமல் தோட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. மண் சரியும் இடத்தில் சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டியது உறைக்கிணறு. கீழடியில் அகழ்ந்தபோது கிடைத்தவற்றில் உறைக்கிணறுகளும் உண்டு. உறை என்றால் மூடியிருப்பது. கேசிங் என்பதற்கு நாம் தேடிக்கொண்டிருந்த சொல் ஈராயிரம் வருஷத்துக்கும் முன்பே குழிக்குள் இறக்கப்பட்டுவிட்டது. 1998ல் மேனேஜர் "உறை எத்தனை அடிங்க?" என்று கேட்டிருந்தால் அப்பா முப்பத்தெட்டு என்றிருப்பார் என்று எனக்கு ஒரு பிடிவாதமான நம்பிக்கை.

திருச்சிக்குப் பக்கத்தில் திருவெள்ளறையில் பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கிணறு ஒன்று இருக்கிறது. கம்பன் அரையன் வெட்டியது. கல்வெட்டு அதை மார்ப்பிடுகு பெருங்கிணறு என்கிறது. நாலு திசையிலும் படிக்கட்டு இறங்கி மடங்கித் திரும்புவதால் மேலிருந்து பார்த்தால் ஸ்வஸ்திக வடிவம். போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் முக்கியம் குழி இல்லை, படி. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர் இறங்கிப் போகலாம். கோடையில் கூடுதலாகப் பத்துப் படி.

எங்கள் கிணற்றில் அப்பாரு காலத்தில் கவலை ஓடியது. தெற்கே கமலை என்பார்கள். இரும்புச் சால், அதன் அடியில் தோல் தும்பி, சாலை இழுக்க வடம், தும்பியின் வாயைப் பிடித்துக்கொள்ள வால்கயிறு, மேலே உருளை. மாடுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலே வரும். வந்ததும் வால்கயிறு தும்பியை இழுத்துத் தொட்டியில் கொட்ட வைக்கும். மாடுகள் பின்னால் நடந்து மேலேறினால் சால் மறுபடி இறங்கும். காலையில் நாலைந்து மணி நேரம் இறைத்தால் கிணறு வற்றிவிடும். மாடும் களைத்துவிடும். அப்புறம் விட்டுவிடுவார்கள். கிணறு ஊற வேண்டும்.

ஊறுதல். எங்கள் பக்கத்தில் ஒரு கிணற்றின் மதிப்பை இந்தச் சொல்லால்தான் சொன்னார்கள். "ராத்திரிக்குள்ள ரெண்டு ஆள் மட்டம் ஊறும்." நிலம் வாங்க வருகிறவர் சாயங்காலம் கிணற்றை வற்ற இறைக்கச் சொல்லி, காலையில் வந்து பார்ப்பார். இறைத்த கிணறு ஊறும் என்று பழமொழியே இருக்கிறது. கிணறு ஊறும், சுரக்கும், வற்றும், சில வருஷம் கண் திறக்கும். எல்லா வினையும் கிணறு செய்வது. ஆள் செய்வது இறைப்பதும் காத்திருப்பதும் மட்டும்.

பழையதைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அந்தக் கிணற்றை வெட்டியவர்கள் கையில் உளியால் பாறையில் தமர் அடித்து, மருந்து கெட்டித்து, திரி வைத்துவிட்டு ஏணியில் ஓடி ஏறியவர்கள். தப்பாதவர்களும் உண்டு. ஊர்க்கிணற்றில் எல்லாரும் இறங்கவும் முடியாது. யார் எந்தப் படியில் நிற்கலாம் என்பதில் சாதி இருந்தது. அந்தக் கிணறுகளைப் பாறை பிளந்து வெட்டிக்கொடுத்தவர்களுக்கே அதில் மொள்ள உரிமை இல்லாத ஊர்கள் இருந்தன.

ஊறும்வரை காத்திருக்கும் கட்டாயத்தை முதலில் உடைத்தது மின்சாரம். 1932ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியதும் கோவை வட்டாரத்துக்கு மின்சாரம் வந்தது. பஞ்சாலைகளுக்குப் பின்னால் தோட்டங்களுக்கும் கம்பி இழுத்தார்கள். கோவையில் மோட்டாரும் பம்பும் வார்க்கும் பட்டறைகள் பெருகின. ஒரு நாளில் மாடு இறைப்பதை மோட்டார் சில மணி நேரத்தில் இறைத்தது. கிணற்றை ஆழப்படுத்தினார்கள். பிறகு அடியில் நின்றுகொண்டு பக்கவாட்டில் பாறையைத் துளைத்தார்கள், சைடு போர். ஆழத்துக்கு ஒரு ஆளை அனுப்பி, படுக்கைவசமாக நூறடி குடைந்து, பக்கத்துக் காட்டுக்காரரின் நீர்க்கண்ணைத் தொடுவது வரை போனது.

இதில் சட்டத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த ஓட்டமில்லாமல் கிடக்கும் தண்ணீரை எடுத்துக்கொள்ள நிலக்காரருக்கு உரிமை. எத்தனை அடிக்கு என்று அது சொல்லவில்லை. 1882ல் யார் 780 அடி போகப் போகிறார்கள்?

போகும் கருவி வந்தது பஞ்சத்தின் வழியாக. 1966–67ல் பீகாரிலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் கடும் வறட்சி. காவிரி டெல்டா மாதிரி மணற்பாங்கான இடமென்றால் கையாலேயே குழாய் இறக்கி ஃபில்டர் பாயிண்ட் போட்டுவிடலாம். கெட்டிப் பாறையில் அது நடக்காது. பழைய இயந்திரங்களில் ஒரு குழிக்கு வாரக்கணக்கில் ஆகும். அப்போது யூனிசெஃப் அழுத்தக் காற்றில் இயங்கும் ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதன் சூட்சுமம் ஹேமரில். மேலே நின்று அடித்தால் ஆழம் கூடக் கூட அடி வலுவிழக்கும். இதில் சுத்தியலே குழிக்குள் இறங்குகிறது. கம்ப்ரஸரிலிருந்து ராடு வழியாகப் போகும் காற்று, பிட்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும் ஹேமரை இயக்கி அடிக்க வைக்கிறது. அதே காற்று பாறை மாவை அள்ளிக்கொண்டு மேலே வருகிறது. வாரங்கள் ஒரு நாளாகச் சுருங்கின.

குடிநீருக்காக வந்த தொழில்நுட்பம் இது. குழி போட்ட இடத்தில் அடிபம்பு வைத்தார்கள். வார்ப்பிரும்புப் பம்புகள் சீக்கிரமே உடைந்தன. சோலாப்பூரில் உருவான ஒரு நல்ல பம்பை அடிப்படையாக வைத்து எழுபதுகளில் செய்ததுதான் இந்தியா மார்க் 2. கோவையைச் சுற்றிய கிராமங்களில் அதைச் சோதித்தார்கள். பள்ளிக்கூடத்து முனையில் கைப்பிடியில் தொங்கித் தொங்கி நாம் அடித்த பம்பு அதுதான். நாம் வைத்த பெயர் 'போரிங்'. "போரிங்ல தண்ணி எடுத்துட்டு வா கண்ணு." வேலையின் பெயர் பம்புக்கு ஆகிவந்துவிட்டது.

பிறகு அதே ரிக் லாரியில் ஏறித் தோட்டத்துக்கு வந்தது. 'போரிங்' சுருங்கி 'போர்' ஆனது. எங்களிடம் ஏற்கனவே ஒரு போர் இருந்தது, வைக்கோல்போர். "போர் போட்டாச்சா?" என்றால் அறுவடை முடிந்து வைக்கோல் அடுக்கியாச்சா என்று பொருள். நான் பள்ளிக்கூடம் போன நாட்களிலேயே அந்தக் கேள்விக்குப் பொருள் மாறிவிட்டது.

திருச்செங்கோட்டுக்கு ஏன் வந்தது என்று கேட்பார்கள். லாரித் தொழில் இங்கே முன்பே ஊன்றியிருந்தது: கூட்டாகப் பணம் போட்டு வண்டி வாங்கும் பழக்கம், பாடி கட்டும் பட்டறை, மாதக்கணக்கில் வெளி மாநிலத்தில் சுற்றும் ஆட்கள். ரிக் என்பதும் ஒரு லாரி, பின்னால் கூடுதலாக ஒரு கோபுரம். வானம் பொய்த்த ஊரில் பிழைக்க இன்னொரு வழி. இப்போது ராடு மாட்டுகிறவர்கள் சத்தீஸ்கரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். ராத்திரி முழுக்க மாவு பறக்கும் இடத்தில் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தான்.

வண்டியோடு ஒரு பாஷையும் வந்தது. ராடு, பிட், ஹேமர், ஃபிளஷிங். பாறையில் வெடிப்பு தட்டுப்பட்டால் 'கேப்'. "நானூத்தி அம்பதுல ஒரு கேப்புங்க, ஈரம் தெரியுது." ஈரம் என்ற ஒரு சொல்தான் அதில் பழையது.

இந்தப் பாஷையில் ரொம்பக் குழப்புவது இன்ச். "ரெண்டு இன்ச்சு தண்ணி" என்றால் ரெண்டு இன்ச் பைப்பு நிறைய என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாவும் நினைத்தார். உண்மையில் குழியைச் சுற்றி மண் அணைத்து, தண்ணீரை ஒரு பக்கமாக விட்டு, 'வி' வடிவத்தில் வெட்டிய தகட்டின் வழியாக ஓடவிட்டு, அந்த வெட்டில் தண்ணீர் எத்தனை இன்ச் உயரம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் முறையான கணக்கு. செங்கோணமாக வெட்டிய தகட்டில் ஒரு இன்ச் என்றால் நிமிடத்துக்கு எட்டரை லிட்டர் அளவில். ரெண்டு இன்ச் என்றால் பதினேழு இல்லை, கிட்டத்தட்ட 48. நாலு இன்ச் என்றால் 270க்கு மேல். உயரம் இரட்டித்தால் தண்ணீர் ஐந்தரை மடங்கு கூடும். தகடு வைக்காமல் குத்துமதிப்பாக ஒருவர் 'ரெண்டு இன்ச்' என்றும் இன்னொருவர் 'ரெண்டரை' என்றும் சொன்னால், நடுவில் ஒரு ஏக்கர் வெள்ளாமை காணாமல் போகலாம்.

இன்னொரு கணக்கு. 6½ இன்ச் போரில் ஓரடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் ஆறரை லிட்டர். நூறடி நின்றாலும் 650 லிட்டர்தான். எங்கள் கிணறு முப்பதுக்கு முப்பது. அதில் பத்தடி தண்ணீர் நின்றால் இரண்டரை லட்சம் லிட்டர். கிணறு குதிர் மாதிரி, ராத்திரி முழுக்கச் சேர்த்து வைக்கும். போருக்குச் சேர்த்து வைக்க இடமே கிடையாது. உறிஞ்சும் நேரத்தில் பாறை வெடிப்பில் வந்தால் உண்டு. அதனால்தான் போர் 'ஊறும்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஓடும்' அல்லது 'நின்னுடுச்சு'. இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. துளையில்லாத கேசிங், மண்ணோடு சேர்த்து அந்த மேல் முப்பத்தெட்டு அடியில் கசியும் தண்ணீரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. அப்பாரு குடித்தது அந்தத் தண்ணீரைத்தான்.

மின்சாரத்துக்காக எங்கள் வட்டாரத்து விவசாயிகள் உயிர் கொடுத்திருக்கிறார்கள். 1970ல் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று பேர் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972ல் கோவைக்குள் மாட்டுவண்டிகளாலேயே மறியல் நடந்தது. 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்த மின்சாரத்தில் விளைந்ததை விற்றுத்தான் நான் படித்தேன். ஆனால் இறைக்கும் செலவு பூஜ்யமானதும், தோண்டும் செலவு மட்டுமே செலவு என்றானது. அது அடிக்கணக்கில் வந்தது. தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் அடிக்குக் காசு. வண்டிக்காரர் டீசல் எரித்திருக்கிறார், பிட் தேய்ந்திருக்கிறது, அவரையும் சொல்ல முடியாது.

2003 மே மாதம் அப்படித்தான் நடந்தது. இரண்டாம் வருஷமாக மழை இல்லை. தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் ஒரு இடத்தைக் காட்டினார். இந்தத் தடவை அப்பா கேட்பதற்கு முன்பே "கேசிங் நாப்பதடி" என்றார். வண்டிக்காரரே நிமிர்ந்து பார்த்தார். கேசிங் சரியாகப் பாறையில் உட்கார்ந்தது. முன்னூறு வரை வெள்ளை மாவு. பிறகு கருமாவு. அறுநூறில் "நிறுத்திக்கலாமுங்களா?" என்றார் மேனேஜர். அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். "இன்னொரு நூறு பாக்கலாமுங்க." எழுநூறில் மறுபடியும் அதே கேள்வி. 780ல் அம்மா போய் வண்டியின் முன்னால் நின்றுகொண்டாள்.

வறண்ட போரில் கேசிங் எதற்கு? அடுத்த வாரம் அதை உருவி, பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார் அப்பா. எல்லாரும் செய்வதுதான். உருவியதும் குழிக்கு விளிம்பு இல்லாமல் போய்விடும். வாய் மண் சரிந்து அகலும். மேலே ஒரு பலகைக்கல்லைப் போட்டு வைத்தோம்.

2010லேயே உச்ச நீதிமன்றம் இதற்கெல்லாம் வழிமுறை சொல்லியிருந்தது: கேசிங்கைச் சுற்றி சிமென்ட் மேடை, வாய்க்குப் பற்றவைத்த இரும்பு மூடி, கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண்ணும் மணலும் கல்லும் கொண்டு நிரப்புவது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. 2019 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில், கைவிட்ட போருக்குள் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட ரிக் கொண்டுவந்தார்கள். பாறை விடவில்லை. தீபாவளி அன்றைக்கு நாடே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் சென்னையில் இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு அப்பாவுக்கு போன் போட்டேன்.

"அந்தக் குழி மேல கல்லு இருக்குங்களா?"

"இப்பத்தான் டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டு வர்றேன். இருக்குது."

அக்கா மகனுக்கு அப்போது மூணு வயசு. லீவுக்கு அங்கேதான் இருந்தான்.

அடுத்த வாரமே ஊருக்குப் போனேன். கல்லை நகர்த்தினோம். ஒரு சின்னக் கல்லைப் போட்டுக் காது கொடுத்தால், சுவரில் தட்டித் தட்டிப் போய்ச் சத்தம் தேய்ந்தது, தண்ணீரில் விழும் சத்தம் வரவேயில்லை. எவ்வளவு மண் வேண்டும் என்று அப்பா கேட்டார். 780 அடியாச்சே, பத்து லோடாவது ஆகும் என்றார் டிராக்டர்காரர். நான் போனில் கணக்குப் போட்டேன்: ஆறரை இன்ச் வட்டம், 780 அடி, 180 கன அடி. இவர்கள் கணக்கில் நூறு கன அடி ஒரு யூனிட்.

வாய் அடைத்துக்கொள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்ட ஒரு நாள் பிடித்தது. மேலே சரிந்து அகன்ற பள்ளத்தையும் சேர்த்து ரெண்டு யூனிட் போனது. அப்பா மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் குழி இருந்த இடத்தையே பார்த்தார்.

"ரெண்டு யூனிட்டுதானா?" என்றார்.